அஷ்டமித் தண்ணீரில் உடாங் காலா

அஷ்டமி, நவமியில் பெண் பார்க்கப் போகமாட்டோம், புதுக் கார் எடுக்கமாட்டோம். பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் இறால் பிடிக்கக் கிரியான் ஆற்றுக்குச் சம்பான் (சிறு படகு) இறக்குகிறவர்கள் நாள்காட்டியில் முதலில் தேடுவதே அந்த இரண்டு திதிகளைத்தான். அரை நிலா நாள்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் சுருங்கிவிடும், ஆற்றின் இழுப்பும் தளரும். மலாய்க்காரர்கள் இதை 'ஆயர் மாத்தி' என்கிறார்கள், செத்த தண்ணீர். ஆற்றின் அடியில் நடந்து இரை தேடும் உடாங் காலாவுக்கு, அதாவது பெரிய நன்னீர் இறாலுக்கு, அது நிம்மதியான சாப்பாட்டு நேரம்.

கோலும் ரீலும் நல்லதாக வாங்கிவிட்டால் இறால் வந்துவிடும் என்று நம்பி, வெறும் ஐஸ் பெட்டியோடு ஜெட்டிக்குத் திரும்புகிறவர்கள் அதிகம். கடையில் காட்டும் கவனத்தில் பாதியைத் தண்ணீரின் மேல் வைத்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும். அதனால் கருவிகளுக்கு முன் ஆற்றைப் பற்றி.

வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் மார்ச் மாதக் குளிரில் சிறு படகுகளை நங்கூரமிட்டு, வரிசையாக நின்று சால்மனுக்குக் காத்திருப்பார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துத்தான் நம்மில் பலருக்குப் படகுத் தூண்டில் ஆசையே வருகிறது. சால்மன் நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். உடாங் காலா இதற்கு நேர்மாறு. ஆற்றில் வளர்ந்து, சினைப்பட்ட பெண் இறால் உப்புக் கலந்த முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். குஞ்சுகள் அங்கே உருப்பெற்றுப் பிறகு ஆற்றை எதிர்த்து மேலே ஏறும். இரண்டையும் பிடிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு அது ஆற்றின் எந்தப் பகுதியில் இருக்கிறது?

இந்த உப்புக் கணக்கு உலகத்துக்குத் தெரியவந்ததே பினாங்கில்தான். குளுகோரில் இருந்த கடல் மீன்வள ஆய்வு நிலையத்தில், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் நிபுணர் ஷாவ்-வென் லிங், 1961ஆம் ஆண்டு வாக்கில் இந்த இறாலின் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார். நன்னீரில் விட்ட குஞ்சுகள் சில நாள்களில் செத்தன. உப்பு கலந்த நீரில் பிழைத்தன. கடல் நீரில் இருக்கும் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அவற்றுக்குப் போதும். 1965இல் மலேசிய இறால்கள் ஹவாய்க்குப் போய், அங்கே பெருமளவில் குஞ்சு வளர்க்கும் முறை உருவானது. இன்று உலகம் முழுக்க நடக்கும் நன்னீர் இறால் பண்ணைத் தொழிலின் வேர் குளுகோரில் இருக்கிறது. பினாங்குப் பாலத்துக்குப் போகிற வழியில் தினமும் அந்தப் பகுதியைக் கடக்கிறோம். ஒரு பெயர்ப்பலகையாவது வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

சரி, ஆறு. பேரா, கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களும் ஒட்டும் மூலையில் ஓடுகிறது கிரியான். பாரிட் புந்தார், பண்டார் பாரு, நிபோங் திபால் மூன்றும் அதன் கரையில். ஆற்றோரத்து மரங்களே உங்களுக்கு உப்புமானி. கரையில் நீப்பா பனையும் பெரெம்பாங் அலையாத்தி மரமும் அடர்ந்திருந்தால் அங்கே உப்பு ஏறி இறங்குகிறது என்று பொருள். அவை குறைந்து புல்லும் மூங்கிலும் தொடங்கும் இடத்துக்கு மேலே நன்னீர் ஆட்சி. இந்த இரண்டும் கலக்கும் நீளத்தில்தான் பெரிய இறால் நிற்கும்.

அந்த நீளம் நிலையானது இல்லை, ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். தைப்பூசம் முடிந்து பங்குனி வரை வடக்குப் பகுதியில் மழை குறைவு. ஆற்றில் வரத்து இளைத்து, உப்பு மேலே ஏறிக்கொண்டே போகும். மாசிக் கடைசியில் போன மாதத்து மடுவில் கத்தாளையும் பேத்தையும் மட்டும் வந்தால், இறால் மேலே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வளைவு மேலே ஏறுங்கள். சித்திரை மழை பிடித்த பிறகு கதை திரும்பும். நன்னீர் அழுத்தித் தள்ள, இறால் கீழே இறங்கும். தூண்டிலில் வரும் மற்ற மீன்களே இதற்குச் சாட்சி. கத்தாளை, பேத்தை, கெளுத்தி வந்தால் உப்புப் பக்கம் நிற்கிறீர்கள். பாவுங்கும் லம்பாமும் வந்தால் நன்னீருக்குள் போய்விட்டீர்கள். இரண்டும் கலந்து வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள், நங்கூரத்தைத் தொடாதீர்கள்.

வடக்கே மூடா ஆற்றிலும் இறால் உண்டு. ஆனால் அங்கே உப்பு ஏறாமல் தடுக்கக் கதவணை இருக்கிறது. பினாங்கின் குடிநீரில் பெரும்பங்கு அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, ஆகவே அணை அவசியம். தூண்டில்காரருக்கு அதன் விளைவு என்ன என்றால், கிரியானின் கணக்கை அங்கே அப்படியே கொண்டுபோக முடியாது. கதவு எப்போது திறக்கிறது என்பதும் ஓதக் கணக்கில், அதாவது ஏற்ற வற்றக் கணக்கில், சேர்ந்துவிடும்.

இப்போது திதிக்கு வருகிறேன். பினாங்கில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 2 மீட்டர் அளவுக்குப் போகும். அரை நிலாவில் அது பாதிக்கும் கீழே சுருங்கும். கடல் நிலாவைவிட ஓரிரு நாள் பின்தங்கித்தான் நடக்கும் என்பதால், அஷ்டமியில் தொடங்கி ஏகாதசி வரைக்கும் கணக்கில் வையுங்கள். வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் அப்படியே. மாதத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு நாள்.

அமாவாசைத் தண்ணீரில் ஏன் கிடைக்காது? இறால் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இழுப்பு பலமாக இருக்கும்போது அது கட்டைக்கும் பாறைக்கும் பின்னால் பதுங்கிவிடும், வெளியே நடக்காது. உங்கள் ஈயமும் அடியில் நிற்காமல் உருண்டு, கயிறு வில்லாக வளைந்து, இறால் தொட்டதே தெரியாது. அதோடு சேறும் இலையும் சேர்ந்து வந்து தங்கூசியில் (நைலான் தூண்டில் நரம்பில்) தொங்கும். ஒரு மணி நேரத்துக்குள் கை சலித்துவிடும்.

ஆயர் மாத்தி நாளிலும் நாள் முழுக்கக் கிடைக்காது. ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குவதற்கு முன் தண்ணீர் நிற்கும். அந்த நிற்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பும் ஒரு மணி பின்பும் பொன்னான நேரம். இதில் புதியவர்கள் செய்யும் தவறு, பினாங்குத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை அப்படியே ஆற்றுக்குப் பயன்படுத்துவது. கடலில் உச்சம் வந்த பிறகுதான் அது ஆற்றுக்குள் நடந்து வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு தாமதம் என்பதை நீங்களே அளக்க வேண்டும். ஜெட்டித் தூணில் ஈரம் ஏறியிருக்கும் கோட்டைப் பார்த்து, ஏற்றம் நின்ற மணியைக் குறித்து, அட்டவணையோடு கழித்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறை குறித்தால் அந்த இடத்துக்கான எண் கையில் நிற்கும். மழை வெள்ளம் வரும் வாரங்களில் அது மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படகு பெரிதாக வேண்டாம். 14 அடி ஃபைபர் சம்பான், சின்ன எஞ்சின், இரண்டு பேர், நான்கு கோல். மூன்றாம் ஆள் ஏறினால் எல்லார் கயிறும் சிக்கும். உயிர்காப்புச் சட்டையைப் பெட்டிக்கு அடியில் போடாமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். கிரியான் பார்க்க சாதுவாக இருக்கும், சேற்றுக் கரையில் ஏறிக்கொள்ள மட்டும் பிடி கிடைக்காது.

நங்கூரம் போடுவதில்தான் பாதி வெற்றி. ஒரு நங்கூரம் மட்டும் போட்டால் படகு காற்றுக்கும் நீருக்கும் இடையே ஊசலாடும். படகு ஆட ஆட, இரை அடியில் இழுபடும். இறால் இரையைப் பிடித்த நேரத்தில் அது நகர்ந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முதலில் முன் நங்கூரத்தை நீர் வரும் பக்கம் போட்டு, கயிற்றை விட்டுக்கொண்டே பின்னுக்குப் போய், பின் நங்கூரத்தைப் போட்டு, பிறகு முன்னால் இழுத்து இரண்டையும் இறுக்குங்கள். கயிற்றின் நீளம் ஆழத்தைப் போலக் குறைந்தது 3 மடங்கு, இழுப்பு இருந்தால் 5 மடங்கு. 4 மீட்டர் ஆழத்துக்கு 20 மீட்டர் கயிறு என்றால் சிலர் சிரிக்கிறார்கள். கயிறு செங்குத்தாக நின்றால் நங்கூரம் பிடிக்காமல் உழுதுகொண்டு வரும், அவ்வளவுதான் விஷயம்.

பின்பக்கத்தை மட்டும் கட்டிப் படகை நீரில் நிறுத்தவே கூடாது. எஞ்சின் இருக்கும் பின்பலகை தாழ்வானது. நீர் அதன் மேல் மோதினால் நொடியில் உள்ளே ஏறும். கொலம்பியாவில் சால்மன் படகுகளுக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கையும் இதுதான். ஏற்றத்தில் சரியாகக் கட்டிய படகு, தண்ணீர் திரும்பியதும் தானாகவே இந்த ஆபத்தான நிலைக்கு வந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் நிற்கும்போதே பின் நங்கூரத்தை எடுத்துப் படகைத் திருப்பிக் கட்டிவிடுங்கள். இறால் கடிக்கிற நேரம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நல்ல மடு என்றால் அடியில் கட்டை இருக்கும். கட்டை இருந்தால் நங்கூரம் மாட்டும். இதற்கு ஒரு கட்டு இருக்கிறது. கயிற்றை நங்கூரத்தின் மேல் வளையத்தில் கட்டாமல், கொக்கிகள் சேரும் அடிப்பகுதியில் இறுகக் கட்டுங்கள். கயிற்றைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தோடு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் மட்டும் பிணையுங்கள். சாதாரணமாக அது வழக்கமான நங்கூரம் போலவே பிடிக்கும். மாட்டிக்கொண்டால் படகை நேர் மேலே கொண்டுவந்து பலமாக இழுக்க, பட்டை அறுந்து, நங்கூரம் தலைகீழாகப் புரண்டு கொக்கி வழியாகவே வெளியே வந்துவிடும். ஒரு பொட்டலம் பட்டை மூன்று ரிங்கிட்டோ நான்கு ரிங்கிட்டோ. நங்கூரம் அதைவிட எவ்வளவோ விலை.

கோல் 5 அடி போதும், நுனி மட்டும் மிக மென்மையாக இருக்க வேண்டும். நீண்ட கோலில் இறாலைப் படகோரம் கொண்டுவருவது சிரமம். சின்ன ரீலில் 6 முதல் 8 இராத்தல் தங்கூசி. அதில் ஓட்டை ஈயத்தைக் கோத்து, ஒரு பாசிமணி, பிறகு சுவிவல் (சுழலும் வளையம்), சுவிவலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய கயிறு, நுனியில் 8 அல்லது 10ஆம் எண் முள். ஈயம் கயிற்றில் தாராளமாக ஓட வேண்டும். இறால் இரையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஈயத்தின் கனம் தெரிந்தால் போட்டுவிடும், தெரியாவிட்டால் தன் பொந்து வரைக்கும் கொண்டுபோகும். ஈயம் 10 கிராமிலிருந்து 30 கிராம் வரை சில எடைகளில் கையில் இருக்கட்டும். அடியில் உருளாமல் நிற்கிற எடைகளில் மிகக் குறைந்தது எதுவோ அதைப் போடுங்கள். நீர் தளரத் தளர ஈயத்தை மாற்றிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சோம்பல்பட்டு 30 கிராமோடே உட்கார்ந்திருப்பவர் பக்கத்துப் படகு இறால் தூக்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

பேத்தை அதிகம் இருக்கும் இடத்தில் முள்ளுக்கு மேலே மெல்லிய கம்பி போடுவார்கள், அதன் பல் தங்கூசியைக் கத்தரிப்பதால். எனக்குக் கம்பி பிடிக்காது. விறைப்பாக நின்று இறாலின் கடியைக் கெடுக்கும். பேத்தை தொல்லை தாங்கவில்லை என்றால் இடம் மாறுவதே மேல். முள்ளின் கூரை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, மாற்றிவிடுங்கள். இறாலின் வாயைச் சுற்றி மெத்தென்று சதை கிடையாது, கூர் குறைந்த முள் ஏறாது.

இரையில் முதலிடம் சதுப்புச் சேற்றில் கிடைக்கும் உம்புன்-உம்புன் புழுவுக்கு. உப்புக் கலந்த நீரில் அதற்கு ஈடில்லை. மேலே நன்னீருக்குப் போகப் போக மண்புழுவும் அதே அளவு வேலை செய்யும், விலையும் குறைவு. உயிருள்ள சின்ன இறாலும் நல்லது. உம்புன்-உம்புன்னை அகலமான பெட்டியில் ஈரத் தேங்காய்நாரின் மேல் பரப்பி, நிழலில் வையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. ஒன்று செத்து நாறினால் ஒரு மணி நேரத்தில் பெட்டி முழுவதும் போய்விடும். செத்ததை உடனே பொறுக்கி எறியுங்கள். கோக்கும்போது 2 சென்டிமீட்டர் துண்டு போதும். துண்டின் ஒரு முனைக்குள் முள்ளை நுழைத்து, உடலை வளைவு வழியாக மேலே ஏற்றி, கூர் லேசாக எட்டிப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வால் நீளமாகத் தொங்கினால் இறால் வாலைப் பிடித்துத் தின்றுவிட்டுப் போகும், முள் அதன் வாய்க்கே வராது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரையை மாற்றுங்கள். ஊறி வெளுத்த புழுவில் வாசனை மிஞ்சாது.

வீச வேண்டாம், இறக்கினால் போதும். வெளி வளைவின் ஆழம், பாலத் தூணின் நிழல் பக்கம், பழைய ஜெட்டிக் கால்கள், மூழ்கிய மரம். நான்கு கோலையும் விசிறி போல விரித்து வையுங்கள், வெவ்வேறு ஆழத்தில். முதல் அரை மணியில் எந்தக் கோல் தொடப்படுகிறதோ அதன் பக்கம் மற்றவற்றை நகர்த்துங்கள். அரை மணியில் எதுவும் தொடவில்லை என்றால் படகை நகர்த்துங்கள்.

கடி. இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பேத்தையும் சின்ன மீனும் தொட்டால் கோலின் நுனி படபடவென்று நடுங்கும். இறால் அப்படி இல்லை. முதலில் நுனி ஒரு முறை தலையாட்டும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. அடியில் என்ன நடக்கிறது என்றால், நீண்ட நீலக் கால் ஒன்றின் இடுக்கி இரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது. வாய்க்கு இன்னும் போகவில்லை. பிறகு நுனி மெல்ல, மிக மெல்ல, ஈரத் துணியை யாரோ இழுப்பது போலக் கீழே வளையும். இரையைத் தன் இடத்துக்குக் கொண்டுபோகிறது. நுனி நிற்கும். மறுபடி வளையும். முன்னால் இருக்கும் சின்ன இரண்டு கால்கள் இரையை வாய்க்குத் தள்ளுவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

முதல் தலையாட்டலில் சுண்டி இழுத்தால் இடுக்கியிலிருந்து இரையைப் பிடுங்கிவிடுவீர்கள், அவ்வளவே. மீன் பிடித்துப் பழகிய கை இதைச் செய்யத்தான் துடிக்கும். கோலைத் தொடாமல் 10 வரை எண்ணுங்கள். நுனி இரண்டாம் முறை வளைந்து நின்ற பிறகு கோலைக் கையில் எடுத்து, தளர்ந்த கயிற்றை ஓசையில்லாமல் சுற்றி, நுனியை மெதுவாக உயர்த்துங்கள். வெறும் கனமாக மட்டும் தெரிந்தால் இடுக்கியால்தான் பிடித்திருக்கிறது, நுனியைத் தாழ்த்தித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'டொக், டொக்' என்று உதை தெரிந்தால் முள் ஏறிவிட்டது. அது வாலை மடக்கிப் பின்னோக்கிப் பாயும் உதை. இப்போது நிறுத்தாமல், ஒரே வேகத்தில் மேலே கொண்டுவாருங்கள். ரீலின் பிரேக்கைத் தளர்வாகவே வைத்திருங்கள். பெரிய இறாலை முரட்டுத்தனமாக இழுத்தால் முள் ஏறிய மெல்லிய கால் பிய்ந்து, காலோடு முள் மட்டும் வரும். கயிறு தளர்ந்தாலோ, முள் கழன்றுவிடும்.

கைவலையை முன்கூட்டியே தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, இறாலை அதன் மேல் கொண்டுவாருங்கள். வலை எப்போதும் வால் பக்கமிருந்து வர வேண்டும், பயந்தால் அது பின்னாலேதான் பாயும், நேராக வலைக்குள் போகும். தலைப்பக்கமிருந்து நீட்டினால் வலையைப் பார்த்துப் பின்னால் பாய்ந்து கயிற்றை அறுக்கும். நைலான் வலையைவிட ரப்பர் வலை நல்லது, முள் நிறைந்த நீலக் கால்கள் நூலில் சிக்கினால் பிரிக்கப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடம் தண்ணீர் நிற்கும் நேரத்திலிருந்து கழியும். பிடிக்கும்போது இடுக்கிக் கால்களுக்குப் பின்னால், முதுகோட்டின் இரு பக்கமும் விரலால் அழுத்துங்கள். நெற்றியில் நீட்டிக்கொண்டிருக்கும் ரம்பக் கொம்பு கையைக் கிழிக்கும்.

வலைக்குள் வந்ததும் அடிவயிற்றைத் திருப்பிப் பாருங்கள். வாலின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக ஒட்டியிருந்தால் சினை இறால். நன்கு வளர்ந்த பெண் இறால் 80,000 முட்டைகளுக்கு மேல் சுமக்கும், ஏறக்குறைய மூன்று வாரம். பொரிக்கும் நாள் நெருங்கும்போது ஆரஞ்சு மங்கிச் சாம்பல் நிறமாகும். சாம்பல் நிறத்தோடு வந்தது முகத்துவாரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குள் போய்ச் சேராவிட்டால் குஞ்சுகள் நன்னீரில் பொரித்து, குஞ்சு வளர்ச்சியின் 11 பருவங்களில் முதல் சிலவற்றைக்கூடத் தாண்டாமல் சாகும். மீன்வளத் துறை அவ்வப்போது ஆறுகளில் இறால் குஞ்சுகளை விடுகிறது. நம் கையில் இருக்கும் ஒரு சினை இறாலைத் தண்ணீரில் திருப்பி விடுவதற்கு ஒரு நொடி போதும். முள்ளை அழுத்திப் பிடுங்காமல், தேவையானால் கயிற்றை அறுத்து, படகோரத்தில் நீருக்குள் கையை வைத்தே விடுங்கள். உயரத்திலிருந்து எறியாதீர்கள். சந்தையில் சினை இறாலுக்கு விலை அதிகம் என்று சொல்லிக்கொண்டு அதைப் பெட்டியில் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நீலக் கால் ஆண்தான் பெரியது, மடுவின் தலைவன் அதுதான். ஆண்களில் சின்னது, ஆரஞ்சுக் கால், நீலக் கால் என்று மூன்று தரம் உண்டு. நீலக் கால் இருக்கும்வரை மற்றவை அதற்கு அடங்கியே இருக்கும், ஆரஞ்சுக் கால் அதைவிடப் பெரிதாக வளர்ந்த பிறகுதான் நீலமாக மாறும். ஆகவே ஒரே மடுவில் ஒன்றிரண்டு பெரியது எடுத்த பிறகு நடுத்தரமே தொடர்ந்து வந்தால் வியப்பில்லை. நடுத்தரத்தை விட்டுவிட்டு அடுத்த மடுவுக்குப் போகலாம். அதுதான் நாளைய நீலக் கால்.

மற்றவற்றைக் கையாளும்போது கவனம். பேத்தையின் உடலில் சமைத்தாலும் போகாத நஞ்சு உண்டு, சமையலுக்கு எடுக்கவே கூடாது. வால் விலாங்கு போல இருக்கும் செமிலாங் கெளுத்தியின் முதுகிலும் பக்கத்திலும் நஞ்சு முள் இருக்கிறது. கையால் தொடாமல் கயிற்றை அறுத்து விடுங்கள். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வலி தணியும்வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். சூடு நஞ்சின் வலியைத் தணிக்கும். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் காப்பிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். இந்த ஆறுகளில் உப்புநீர் முதலையும் உண்டு. காலைத் தொங்கப்போட்டு உட்காராதீர்கள், மீன் கழிவைப் படகோரத்தில் கொட்டாதீர்கள்.

வானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் 'சுமாத்திரா' காற்று, வந்து பத்து நிமிடத்தில் முகத்துவாரத்தைக் கொந்தளிக்கவைக்கும். கடல் பக்கம் கறுப்புச் சுவர் போல மேகம் தெரிந்தால் நங்கூரத்தை எடுங்கள். இடி கேட்டால் கோல்களைப் படுக்கப் போடுங்கள், கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

சில நாள்களில் இறால் தானே கரையோரம் வந்து புல்லில் தொற்றிக்கொண்டு மயங்கி நிற்கும். கைவலையோடு ஊரே ஓடிவரும். கொடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட வெயிலுக்குப் பின் முதல் மழை அடித்துவரும் அழுக்கால் நீரில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம், அல்லது யாரோ நஞ்சு கலந்திருக்கலாம், வயலிலிருந்து மருந்து வடிந்திருக்கலாம். எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே சாப்பிடக் கூடாது. வெடி, நஞ்சு, மின்சாரம் வைத்துப் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு மடுவைச் சின்னக் குஞ்சுவரை காலிசெய்துவிட்டுப் போவார்கள். பார்த்தால் அமைதியாக இருக்காதீர்கள், மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

இரவில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிபோங் திபால் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிவிடும். தலைவிளக்கைக் கரைப் பக்கம் திருப்பாமல் படகுக்குள்ளேயே தாழ்த்தி வையுங்கள். மின்மினிகள் துணை தேடுவதே அந்த ஒளியால்தான்.

பிடித்ததைப் பாதுகாப்பது கடைசி வேலை, அதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். வெயிலில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் சீக்கிரமே மூச்சடைத்துச் சாகும். உயிரோடு வைக்க வேண்டுமானால் படகோரம் ஆற்றில் தொங்கும் வலைக்கூடை வேண்டும், ஆனால் அதிக நெருக்கமாகப் போட்டால் ஒன்றையொன்று கடிக்கும், ஓடு கழற்றி மெத்தென்று இருப்பதைத் தின்றேவிடும். இடுக்கிகளுக்கு ரப்பர் வளையம் போட்டால் சண்டை குறையும். வீட்டுக்குக் கொண்டுபோக, பெட்டியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் கலந்த கூழில் உயிரோடு அமிழ்த்துங்கள். வெறும் ஐஸ் கட்டியின் மேல் போட்டால் சுற்றிலும் ஒரே சீராகக் குளிராது. இது ருசிக்காக மட்டும் சொல்வது இல்லை. இந்த இறாலின் தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி, செத்தவுடன் கசிந்து வால் சதையைக் கரைக்கத் தொடங்கும். மாலையில் சமைக்கும்போது சதை மாவாகப் பிசுபிசுத்தால் காரணம் அதுவே. மறுநாளுக்கு வைப்பதாக இருந்தால் தலையைத் தனியாக எடுத்துவிட்டு வாலை மட்டும் ஐஸில் வையுங்கள்.

அன்றே சமைப்பதாக இருந்தால் தலையை எறியாதீர்கள். தலையின் ஆரஞ்சு நெய்தான் உடாங் காலாவின் மொத்தச் சுவையும். நீளவாக்கில் பிளந்து, கொம்பை வெட்டி, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரைப்பையை மட்டும் கத்தி முனையால் கெல்லி எடுத்து, நெய்யைத் தண்ணீரில் கழுவாமல் அப்படியே விடுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை தடவி, ஓட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி கரி அடுப்பில் வையுங்கள். சதை வெண்மையாகி, தலை நெய் ஓரத்தில் கொதித்தவுடன் இறக்கிவிடுங்கள், புரட்டினால் நெய் வழிந்து நெருப்பில் போய்விடும். நீலக் கால்களை உரலில் ஒரு தட்டுத் தட்டிப் புளிக்குழம்பில் போடுங்கள். குழம்பு இரண்டாவது நாள் காலையில், ரொட்டி சானாயோடு, முந்தைய இரவைவிட நன்றாக இருக்கும்.